எட்டுச் செலவு

வர்த்தகக் கண்காட்சி என்றால் பொருள் விற்கிற இடம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் உமி அடுப்பு ஆறு ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனவன் நான். ஆறையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆகவே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் இது என் கதை இல்லை. எனக்குப் பக்கத்துக் கூடத்தில் ஒரு பகல் முழுக்கச் செத்திருந்த விமலேஸ்வரியக்காவின் கதை.

விமலேஸ்வரியக்கா ஒட்டுசுட்டானில் காட்டோரமாக இருப்பவர். கச்சான், உங்கள் பக்கத்தில் நிலக்கடலை என்பது, போடுவார், பிடுங்குவார், காயவைப்பார், மணலில் தோலோடு வறுத்து விற்பார். பதினாறு வருடமாக இதே வேலை. கருகாமலும் பச்சை வாடை இல்லாமலும் கச்சான் வறுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் மூன்று பேர்தான், மற்ற இரண்டு பேரும் அவரிடம் கேட்டுப் பழகியவர்கள். இந்தப் போகம் விளைச்சல் மிஞ்சிவிட்டது. வீட்டுக்குள் நாற்பது மூட்டை கிடந்தது. மணம் காட்டுக்குப் போய்விட்டது. ஒரு யானை ஏற்கனவே வந்து, குசினிச் சுவரைத் தள்ளி, விலை கேட்காமல் இரண்டு மூட்டையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அது மற்ற யானைகளுக்கும் சொல்லும் என்று விமலேஸ்வரியக்கா உறுதியாக நம்பினார்.

அவருடைய கணவர் சிற்றம்பலத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிட வேண்டும். தங்கமான மனிதர். அவருடைய ஒரே குறை, யார் எது சொன்னாலும் "சரி" என்பது. ஒருமுறை பசுமாடு விற்கப் போய், கேட்டவன் கேட்ட விலைக்குச் சரி சொல்லி, கன்றையும் சும்மா கொடுத்து, வாங்கினவனை அவனுடைய வீடு வரைக்கும் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் விலை கதைப்பது விமலேஸ்வரியக்கா மட்டும்தான்.

இந்த நிலைமையில்தான் வன்னிப் பெருநில வர்த்தகக் கண்காட்சி அதிகாரசபையிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்பில் பெரிய அங்காடிகள் வைத்திருக்கிற ஒரு கம்பனியின் கொள்வனவு முகாமையாளர் இந்த முறை கண்காட்சிக்கு வருகிறாராம். கச்சான் மொத்தமாகத் தேடுகிறாராம். அவரைச் சந்திக்கிற பட்டியலில் விமலேஸ்வரியக்காவின் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அதிகாரசபையின் தரத்துக்கேற்ற காட்சிக்கூடம் வைத்திருக்க வேண்டும். செலவு முழுவதையும் அதிகாரசபையே ஏற்றுக்கொள்ளும். ஒரு மேசை, ஒரு தராசு, நடுவில் கச்சான் குவியல், இவ்வளவுதானே என்று நினைத்து விமலேஸ்வரியக்கா சம்மதித்துக் கையெழுத்து வைத்தார்.

பிறகு கூடம் வைக்கிறவர்களுக்குச் செயலமர்வு நடந்தது. நானும் போயிருந்தேன். குளிரூட்டிய மண்டபம். அதிகாரசபையின் தலைவர் நல்லதம்பி கோட் போட்டு வந்திருந்தார். திரையில் ஒரு தலைப்புப் போட்டார்கள்: "எட்டுச் செலவு." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து எட்டாம் நாள் செய்கிற காரியத்துக்குப் பெயர்தான் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, வந்தவர்களுக்கும் சாப்பாடு போட்டு அனுப்புவது. ஆனால் அதிகாரசபையின் எட்டுச் செலவு வேறு. ஒரு காட்சிக்கூடத்துக்கு எட்டு வகையாகத்தான் செலவழிக்க வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றுநிருபம். அதைத் தமிழாக்கியவர் எட்டுச் செலவு என்று எழுதிவிட்டார். அதன் அர்த்தம் தலைவருக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய மாமனாரின் எட்டுச் செலவில் நானே சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அர்த்தத்தை மாற்றலாம், சுற்றுநிருபத்தை மாற்ற முடியாது என்று அவர் விளக்கினார்.

நிலம், கூடாரம், வெளிச்சம், கம்பளம், திரைச்சீலை, முகம், அமைதி, அனுபவம். இவைதான் எட்டும். அமைதிக்குத்தான் எல்லாவற்றிலும் கூடிய செலவு. அதற்கென்று கொழும்பில் ஒரு கம்பனி இருக்கிறது. மைதானத்தில் ஒலிபெருக்கிகளைப் போடாமல் அணைத்து வைப்பதற்கு அது கட்டணம் வாங்கும். ஒலிபெருக்கிகளும் அந்தக் கம்பனியினுடையவைதான்.

விமலேஸ்வரியக்கா எழுந்து, இந்த எட்டில் கச்சான் எதற்குள் வரும் என்று கேட்டார். தலைவர் தாளைப் புரட்டினார். பிறகு வடிவமைப்பு ஆலோசகரைப் பார்த்தார்.

ஆலோசகரின் பெயர் கோகுலன். கொழும்புப் பொடியன், நல்ல மரியாதையானவன், கறுப்புச் சட்டை. உலகத்தில் எங்கே கண்காட்சி நடந்தாலும் போய்ப் பார்த்து, அடுத்த வருடம் அதை எங்களுக்குச் செய்விப்பது அவனுடைய தொழில். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் அவன் சொல்லி எல்லோரும் உயரம் வைத்தோம். இருபத்திரண்டு அடியில் ஒரு பப்படக் கூடம் எழும்பியது, சோளகக் காற்று அடித்தபோது அது தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது. போன வருடம் பசுமை. மைதானத்துப் புல்லின் மேல் பிளாஸ்டிக் புல் விரித்தோம். மூன்று பக்கமும் காடு இருக்கிற எங்களுக்குக் கொழும்பிலிருந்து குளிர் லொறியில் செடி வந்தது. இந்த வருடம் என்னவென்று எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோகுலன் சொன்னான்: "இப்ப உலகத்துல யாரும் பொருள் விக்கிறதில்ல அம்மா. அனுபவம்தான் விக்கிறாங்க. போன வருஷம் ஜெர்மனியில முதல் பரிசு வாங்கின கூடத்துல என்ன விக்கிறாங்கன்னு கடைசி வரைக்கும் யாருக்குமே தெரியல."

விமலேஸ்வரியக்கா யோசித்துவிட்டு, கச்சான் வறுப்பதில் தனக்குப் பதினாறு வருட அனுபவம் இருக்கிறது, அதை விற்கலாமா என்று கேட்டார். அவன் அதை நல்ல வசனம் என்று சொல்லி எழுதிக்கொண்டான்.

இந்த வருடத்துக்கான விதி மூன்று. முதலாவது, உலகம் முழுக்க இப்போது வெள்ளைதான் ஓடுகிறது, ஆகவே கூடம் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் கண்ணில் படக்கூடாது, பட்டால் வெள்ளை கெட்டுவிடும். இரண்டாவது, நிறுவுநரின், அதாவது உற்பத்தியாளரின், முகம் கறுப்பு வெள்ளையில் ஆறடி உயரத்துக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய விதி. கூடம்தான் கதைக்க வேண்டும், உற்பத்தியாளர் கதைக்கக் கூடாது. வாய் திறந்தால் கொள்வனவாளர் சந்திப்புப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும். இதைச் சொல்லும்போது தலைவர் விமலேஸ்வரியக்காவைத்தான் பார்த்தார்.

அவர் ஓமென்று தலையாட்டினார். வேறு என்ன செய்வது, வீட்டில் நாற்பது மூட்டை.

படம் எடுக்க ஒரு குழு ஒட்டுசுட்டானுக்குப் போனது. நெற்றியைச் சுருக்காமல் பார்க்கச் சொன்னார்கள். பதினாறு வருடம் அடுப்புப் புகைக்குச் சுருக்கிய நெற்றி, அது சொன்னபடி கேட்கவில்லை. கணினியில் விரித்தார்கள். கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பினார்கள். வந்த படத்தில் சாந்தமான ஒரு அம்மா எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் வெகுநேரம் பார்த்துவிட்டு, இது யார் என்று மெதுவாக என்னிடம் கேட்டார்.

கூடம் அமைக்கிற ஒப்பந்தம் கொழும்புக் கம்பனிக்குப் போயிருந்தது. அது யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குக் கொடுத்தது, அவர் கிளிநொச்சியில் ஒருவருக்குக் கொடுத்தார், கடைசியில் வேலை வந்து சேர்ந்தது பளையில் கூடாரச் சேவை வைத்திருக்கிற சதீஸிடம். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் இந்த மாவட்டத்தில் கூடாரம் போடுவது சதீஸ்தான். கலியாணத்துக்குச் சிவப்பும் மஞ்சளும். மற்றதுக்கு வெள்ளை. முழுக்க வெள்ளை வேண்டும் என்று சொன்னதும் அவன் ஒன்றும் கேட்காமல் வெள்ளைச் செட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

வந்தவன் ஆறடிப் படத்தைக் கண்டான். விமலேஸ்வரியக்காவின் பக்கத்தில் வந்து, குரலை இறக்கி, "ஆரக்கா போனது?" என்று கேட்டான். ஒருத்தரும் போகவில்லை, இது கண்காட்சி என்று அவர் சொன்னார். துக்கத்தில் இருக்கிறவர்கள் பலதும் சொல்வார்கள் என்று அவனுக்கு அனுபவம். தலையை ஆட்டிக்கொண்டு போய் வேலையைத் தொடங்கினான். கை பழகின வேலை. கதிரைகளை இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாகப் போட்டான், படத்துக்குக் கீழே ஒரு சின்ன வெளிச்சம் வைத்தான், வாசலிலிருந்து மைதானத்து வாசல் வரைக்கும் கயிறு இழுத்து வெள்ளைக் கொடி கட்டினான். கொடி ஒப்பந்தத்தில் இல்லை, அவன் சும்மா செய்து கொடுத்தது. கோகுலன் வந்து பார்த்துவிட்டு, வருகிறவர்களைத் தானாகவே உள்ளே கூட்டிவருகிற இந்த வழிகாட்டி முறையை எங்கே படித்தாய் என்று சதீஸிடம் கேட்டான். பிறகு படத்துக்கு முன்னால் ஒரு கொப்பியும் பேனையும் வைத்தான், பார்வையாளர் கருத்து எழுதுவதற்கு.

அனுபவம் என்ற தலைப்பில் ஒரு மெசினும் வந்தது. கச்சான் மணத்தை விசிறுகிற மெசின். புதுக் காருக்குள் ஏறினால் வருகிற மணம் அதில் வந்தது. ஒரு பிடி கச்சானை வறுத்து வைத்தால் போதாதா என்று விமலேஸ்வரியக்கா கேட்டதற்கு, அது வெறும் கச்சான் மணம் என்று கோகுலன் சொன்னான். இருந்தாலும் அவர் விடவில்லை. வறுத்த கச்சான் இரண்டு மூட்டையைச் சிற்றம்பலத்தைக் கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

எல்லாம் இத்தோடு நின்றிருந்தாலும் சமாளித்திருக்கலாம். கண்காட்சிக்கு மூன்று நாளைக்கு முதல் அறிவித்தல் ஓட்டோ கிளம்பியது. ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போகிற அந்த ஓட்டோக்காரனும் பெரும்பாலும் மரண அறிவித்தல்தான் செய்கிறவன். எட்டுச் செலவும் பூர்த்தியான கூடங்களின் உரிமையாளர் பெயரை வாசிக்கச் சொல்லி அதிகாரசபை தாள் கொடுத்திருந்தது. அவன் தாளில் இருந்ததை வாசித்து, இல்லாததைப் பழக்கத்தில் சேர்த்துக்கொண்டான்: "ஒட்டுசுட்டானைச் சேர்ந்த திருமதி சிற்றம்பலம் விமலேஸ்வரி அவர்களின் எட்டுச் செலவு, எதிர்வரும் சனிக்கிழமை காலை கிளிநொச்சிப் பொது மைதானத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள், கொள்வனவாளர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

சனிக்கிழமை காலை எட்டரைக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொடி வழியே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டு, கதிரையில் போய் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. விமலேஸ்வரியக்கா விதிப்படி ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு நின்றார். என்ன வருத்தம், எத்தனை நாள் நோயாகக் கிடந்தவா என்று ஒருவர் கேட்டார். அவர் தலையை ஆட்டினார். தகனம் எங்கே நடந்தது என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் ஆட்டினார். படத்தில் இருந்தவரின் சாயல் கொஞ்சம் அடிப்பதால், செத்தவவின் தங்கச்சியாக்கும், பாவம் வாயே எழும்பாமல் நிற்கிறா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

கோகுலனுக்கு நிலத்தில் கால் படவில்லை. ஒரு கூடத்தில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கணக்கிடுகிற கருவி அவனிடம் இருந்தது. உலகச் சராசரி நாற்பது செக்கனாம். இங்கே ஆட்கள் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறார்கள், போகும்போது கண்ணைத் துடைக்கிறார்கள். ஜெர்மனியில்கூட யாரும் அழவில்லை என்று அவன் யாருக்கோ தொலைபேசியில் சொன்னான். என்னுடைய கூடத்தைக் கருவி இரண்டு செக்கன் என்று காட்டியது. அதுவும் சதீஸ் சுத்தியலை மறந்துவிட்டு எடுக்க வந்தது.

பத்தரைக்கு அந்தக் கொள்வனவு முகாமையாளர் வந்தார். சுமித்திரா என்று பெயர், வவுனியாவில் பிறந்து கொழும்பில் வேலை செய்கிறவர். கையில் பட்டியல். கொடி வழியே வந்தவர் வாசலில் நின்றார். படத்தைப் பார்த்தார். கொப்பியை எடுத்து முந்தினவர்கள் எழுதியதை வாசித்தார். "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று பதினெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். பத்தொன்பதாவதாகத் தானும் எழுதினார். கைகூப்பினார். பிறகு பட்டியலை விரித்து, பேனையால் ஒரு பெயரின் மேல் கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டை விமலேஸ்வரியக்கா கண்டார்.  வாயைத் திறந்து நான்தான் அது என்று சொன்னால் விதிப்படி பெயர் வெட்டு, சொல்லாவிட்டாலும் பெயர் வெட்டு. தலைவர் நல்லதம்பி வாசலில் நின்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சுமித்திரா அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் கிடக்கிற மூட்டைகளும் இனி வரப்போகிற யானைகளும் நினைவுக்கு வர, அந்த மனுசி உண்மையாகவே அழுதார். அதைக் கண்டு வந்திருந்தவர்களும் அழுதார்கள். கருவி நாற்பத்தொரு நிமிடம் காட்டியது.

பதினொன்றரைக்கு வவுனியாவிலிருந்து பஸ் வந்தது. அதில் வந்தவர்கள் சொந்தக்காரர்கள், ஒரு இருபது பேர். முன்னுக்கு வந்தவர் சிற்றம்பலத்தின் தமக்கை கமலாசனி. பஸ் எடுக்க முதல் தம்பிக்கு எத்தனையோ தரம் தொலைபேசி எடுத்துப் பார்த்தவராம். அதிகாரசபை அமைதிச் செலவில் எல்லோருடைய தொலைபேசியையும் வாங்கிப் பூட்டி வைத்திருந்தது. கமலாசனியின் கையில் இரண்டு பெரிய பாத்திரம். விமலேஸ்வரிக்குப் பிடித்த நெத்தலிப் பொரியலும் கணவாய்க் கறியும் விடியவே எழும்பிச் சமைத்துக் கொண்டுவந்திருந்தார். வாசலில் தம்பியைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். செத்தது, எடுத்தது, ஒன்றையும் சொல்லாமல் எட்டுச் செலவை மட்டும் ஓட்டோவில் சொல்லுகிறாயே, நீ ஒரு தம்பியா என்று கேட்டார். சிற்றம்பலம் வழக்கம்போல, "சரியக்கா, என்ர பிழைதான்" என்றார்.

பிறகுதான் கமலாசனி மூலையைப் பார்த்தார்.  பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நீ சாகேல்லையோ?"

விமலேஸ்வரியக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப நான் சமைச்சது?" என்றார் கமலாசனி.

அதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. கமலாசனி அவருடைய தோளில் ஒரு அடி போட்டார், பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதார், பிறகு கதிரையில் இருந்து, தண்ணீர் தரச் சொன்னார். இருபது பேர் விடியப் புறப்பட்டு வந்தவர்கள். அதற்கு முதல் வந்தவர்களும் எழும்பவில்லை. எட்டுச் செலவுக்கு வந்தவர்கள் வாயில் ஒன்றும் வைக்காமல் போவதில்லை, யார் செத்தாலும் செத்திருக்காவிட்டாலும். இரண்டு பாத்திரக் கறி எந்த மூலைக்குக் காணும்? வந்த சனத்தைப் பட்டினியாக அனுப்பிவிட்டு ஊரில் தலைகாட்ட முடியாது என்பதும் விமலேஸ்வரியக்காவுக்குத் தெரியும். அவர் தலைவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நடந்துபோய்த் திரைச்சீலையை இழுத்தார்.

மூட்டையை அவிழ்த்ததும் மணம் வந்தது. அந்தக் காரின் மணம் எங்கே போனதென்று தெரியவில்லை. சதீஸ் பேப்பரைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுக்க, சிற்றம்பலம் அள்ளி அள்ளி நிரப்பினார். எழுபது எண்பது பேர் ஒன்றாகக் கச்சான் உடைக்கத் தொடங்கினால் என்ன சத்தம் வரும் என்று நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அமைதிக் கம்பனி ஆள் ஓடிவந்தான், அவனுடைய கையிலும் ஒரு சுருள் கொடுத்தார்கள். வெள்ளைக் கம்பளம் முழுக்கத் தோல். மைதானத்தில் நாற்பது கூடம் இருந்தும் தின்ன, வாங்க, கையால் தொட ஒன்றும் இல்லாமல் காலை முழுக்கச் சுற்றிக்கொண்டு திரிந்த சனம் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியது. நானும் என் கூடத்தை விட்டுவிட்டுப் போய் ஒரு சுருள் வாங்கினேன்.

சனத்துக்குள்ளே சுமித்திராவும் வந்து நின்றார். ஒன்றை உடைத்துப் போட்டார். நின்றபடி மெதுவாக மென்றார். இன்னும் இரண்டு உடைத்தார். யார் வறுத்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் பயபக்தியோடு படத்தைக் காட்டினார். சுமித்திரா பெருமூச்சு விட்டார். மொத்தமாக எடுக்கலாம் என்று வந்தேன், ஆள் இல்லையே என்றார். அதைக் கேட்ட சிற்றம்பலத்துக்கு எப்படியோ புத்தி வந்தது. அவா இவாதான் என்று மூலையைக் காட்டினார். சுமித்திரா படத்தையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தார், துக்கத்தில் இந்த மனுசனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்தவர்போல அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

இந்த நேரம் பார்த்து மைக் பிடித்துக்கொண்டு தலைவர் நல்லதம்பி உள்ளே வந்தார். புள்ளிகள் முன்பே போட்டாகிவிட்டன. நின்ற நேரத்திலும் கண்ணீரிலும் இந்தக் கூடம்தான் முதலாவது. அவருடைய பேச்சு முழுவதையும் நான் இங்கே எழுதவில்லை, சாரத்தைத் தருகிறேன்:

"பெரியோர்களே! எமது அதிகாரசபையின் பத்து வருட வரலாற்றில் பொதுமக்கள் ஒரு கூடத்துக்கு உள்ளே அழுதது இதுவே முதற்தடவை. முன்னைய வருடங்களில் அழுதவர்கள் அனைவரும் உற்பத்தியாளர்கள். இந்தப் பத்து வருடத்தில் எமது கண்காட்சிகளில் ஒரு கிலோ பொருள்கூட விற்பனையாகவில்லை எனச் சிலர் குறை கூறுகின்றனர். நான் அவர்களைக் கேட்கிறேன்: பொருள் விற்பனையானால் மறுநாள் கூடத்தில் என்ன இருக்கும்? கூடம் நிலையானது. பொருள் இன்று இருக்கும், நாளை போய்விடும். நிலையற்ற ஒன்றுக்காக அரச பணத்தைச் செலவிட நாம் ஒருபோதும் உடன்படமாட்டோம்."

கைதட்ட வழியில்லை, எல்லோருடைய கையிலும் கச்சான் இருந்தது. அப்போதுதான் கோகுலன் தலைவரின் காதில் ஏதோ சொன்னான். தலைவர் கம்பளத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், விமலேஸ்வரியக்காவைப் பார்த்தார். அவரைத் திரைச்சீலைக்குப் பின்னால் கூப்பிட்டார். எங்களுக்கு நடுவில் ஒரு சீலைதான், ஆகையால் எல்லாம் கேட்டது. நாலு மணிக்கு அமைச்சுச் செயலாளர் வந்து விருது கொடுக்கிறார், கருத்துக் கொப்பியைப் பார்த்துச் செத்த நிறுவுநரின் கூடம் என்று அறிக்கையும் மேலே போய்விட்டது. நிறுவுநர் உயிரோடு இருந்தால் பொருள் காட்டிய குற்றம் அவருடையது, விருதும் இல்லை, கொள்வனவாளர் சந்திப்பும் இல்லை. செத்திருந்தால் குற்றம் யாருடையதும் இல்லை, வாரிசு என்று கணவர் சந்திப்பில் இருக்கலாம். "நாலு மணி மட்டும்தானே, தங்கச்சி. கொஞ்சம் செத்திருங்கோ" என்றார் தலைவர்.

விமலேஸ்வரியக்கா நாற்பது மூட்டையை நினைத்து ஓமென்று தலையாட்டினார்.

சந்திப்பு இரண்டு மணிக்கு, அந்தக் கூடத்திலேயே, படத்துக்குக் கீழே. ஒரு கதிரையில் சுமித்திரா. எதிர்க் கதிரையில் காலஞ்சென்றவரின் வாரிசு சிற்றம்பலம். கொஞ்சம் தள்ளி, காலஞ்சென்றவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கமலாசனிக்குப் பக்கத்தில். கிலோ அறுநூற்றைம்பதுக்குக் குறைய வாயைத் திறக்காதே என்று அவர் சிற்றம்பலத்துக்குக் கையால், கண்ணால், விரலால் எல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சுமித்திரா நல்ல மனுசிதான், ஆனால் அவருடைய தொழில் வாங்குவது. முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு கிலோ நானூறு என்றார்.

சிற்றம்பலத்தின் உதடு பிரிந்தது. நாற்பது வருடமாகச் சொல்லிவருகிற சொல்லைச் சொல்ல நாக்கு மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் செத்தாலும் அந்த விலைக்குக் குடுக்கமாட்டன்."

கண்ணைத் திறந்தபோது காலஞ்சென்றவர் எழுந்து நின்றார். ஒரு பகல் முழுக்க மூடி வைத்திருந்த வாய், இனி யாராலும் மூட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணலை அரித்தது யார், விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டினது யார், யானைக்கு முன்னால் தீப்பந்தத்தோடு நின்றது யார், எல்லாம் கேட்டார். நானூறுக்கு வேண்டுமென்றால் அந்தக் கார் மணத்தை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். கமலாசனி நடுவில் நடுவில் ஓம் போட்டார்.

சுமித்திரா படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விமலேஸ்வரியக்காவின் நெற்றியைப் பார்த்தார். அந்தச் சுருக்கம் இப்போது நன்றாக விழுந்திருந்தது.

"அப்ப உங்கட விலையைச் சொல்லுங்கோ, அக்கா" என்றார்.

தலைவர் ஆட்டத்தை நிறுத்துகிற நடுவர்போலக் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் விலை கதைத்தார்கள். ஒருவர் எழும்பிப் போவதுபோலப் போவதும், மற்றவர் கூப்பிடுவதும், இருந்து இன்னொரு கச்சான் உடைப்பதுமாக, பார்க்கச் சந்தோசமாக இருந்தது. அறுநூற்று இருபதில் முடிந்தது. வீட்டில் கிடக்கிற மூட்டை முழுவதும், முதல் லொறி அடுத்த கிழமை. அதிகாரசபையின் பத்து வருடத்தில் அந்த மைதானத்தில் நடந்த ஒரே வியாபாரம் அதுதான். சிற்றம்பலம் கடைசியில் எழும்பி நின்று, "சரி" என்றார். அன்றைக்கு அது பொருத்தமாக இருந்தது.

விருதை விமலேஸ்வரியக்காவுக்குக் கொடுக்கவில்லை. புள்ளிக்குப் பதிலாக எந்தக் கூடத்தின் வெள்ளை கெடாமல் இருக்கிறது என்று பார்த்தார்கள். காலையிலிருந்து சதீஸைத் தவிர எவரும் காலடி வைக்காத கூடம் ஒன்றுதான் இருந்தது. செயலாளர் எனக்குக் கைகொடுத்தார். விருதுக் கோப்பை வீட்டில் இருக்கிறது, அடுப்புக்கு உமி அள்ளப் பாவிக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து விமலேஸ்வரியக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். என் எழுத்து விளங்கும் என்று பதில் எழுதித் தரக் கேட்டார். அதிகாரசபை மூன்று குற்றச்சாட்டுகளுக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் கோரியிருந்தது. ஒன்று, கூடத்தில் பொருளைக் காட்சிப்படுத்தியமை. இரண்டு, கதைத்தமை. மூன்று, கண்காட்சி நடைபெற்ற வேளையில், அதிகாரசபையின் அறிக்கைக்கு முரணாக, உயிருடன் இருந்தமை.

முற்றத்தில் லொறி நின்றது. சிற்றம்பலம் இரண்டாவது சுற்று மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். யானைகள் வந்தால் இனி அங்கே அவற்றுக்கு ஒன்றும் இல்லை. விமலேஸ்வரியக்கா அவசரத்தில் இருந்தார், நின்றபடியே சொன்னார், நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன்:

"ஐயா, மூண்டும் உண்மைதான். உயிரோடை இருந்தது வேணுமெண்டு செய்ததில்லை. வேலை கிடந்தது."